நுனி கிள்ளி வைத்த மிளகாய்

கண்ணா,

ஆசீர்வாதமெல்லாம் கடைசியில் எழுதுகிறேன். முதலில் உன்னிடம் கொஞ்சம் கோபித்துக்கொள்ள வேண்டும். நீ அமெரிக்கா போன இந்த நாலு வருஷமாக உன் கடிதங்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி வருகின்றன. நான் சௌக்கியம், வேலை அதிகம், குளிர் குறைந்திருக்கிறது, அப்பாவின் உடம்பைப் பார்த்துக்கொள். அவ்வளவுதான். அப்பா ஒரு தடவை படித்துவிட்டு மடித்து அலமாரியில் வைத்துவிடுவார். நான் சாயங்காலம் விளக்கேற்றிய பிறகு மறுபடி எடுத்துப் பார்ப்பேன், காலையில் கண்ணில் படாத வரி ஏதாவது இருக்கிறதா என்று. இருக்காது. இந்தத் தடவைதான் முதன்முதலாக என்னிடம் ஒன்று கேட்டிருக்கிறாய். அதுவும் என்ன? எண்ணெயில் பொரிக்காமல் மிளகாய்க்குள் பருப்பு அடைத்துச் செய்வாயே அம்மா, அது எப்படி என்று. நாலு வருஷம் கழித்துப் பிள்ளை வாயைத் திறந்தான், மிளகாய் கேட்டான்!

உங்கள் ஊர்ச் சந்தையில் மெக்சிகோக்காரர்கள் ஒரு மிளகாய் விற்கிறார்கள், உள்ளங்கை அகலம், கரும்பச்சை, தோல் தடிமன், பெயர் பொப்ளானோ என்று எழுதியிருக்கிறாய். பார்த்த உடனே நம் அகத்து ஞாபகம் வந்ததாம். அவர்கள் அதைப் பாலாடைக்கட்டி வைத்துப் பொரிக்கிறார்களாம். நீ வாடகைக்கு இருக்கிற வீட்டுக்காரம்மாளோ, எண்ணெய்ப் புகை திரைச்சீலையில் ஏறிவிடும், பொரிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாளாம். அதனால் அம்மாவின் வழி வேண்டுமாம். சரி. ஆனால் அதே கடிதத்தின் அடியில், போகிற போக்கில், கம்பெனியில் இன்னும் இருக்கச் சொல்கிறார்கள், திரும்பி வருவது பற்றி முடிவு பண்ணவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். உனக்கு அவை இரண்டு விஷயம். எனக்கு ஒன்றாகத்தான் பட்டது. நான் இதைச் சொல்லிக் கொடுத்து, நீயும் அங்கேயே செய்து சாப்பிட்டுப் பசியாறிவிட்டால், அப்புறம் எதற்காக நீ இங்கே வரவேண்டும்? என்னிடம் உன்னை இழுத்துப் பிடிக்க வேறு என்ன இருக்கிறது? சிரிக்காதே. ஒரு வாரம் இதே யோசனையில் பதில் எழுதாமல் உட்கார்ந்திருந்தேன். அப்பா தினம், "அவனுக்குப் பதில் போட்டாச்சா?" என்று கேட்டார். "போடறேன், போடறேன்" என்றேன். அவருக்கு நான் காரணம் சொல்லவில்லை.

இந்தப் பதார்த்தம் நம் அகத்தில் எப்படி வந்தது என்று உனக்குப் பாதிதான் தெரியும். உன் அப்பா ரயில்வே ஆபீசில் இருந்த காலம். வெளியில் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார் என்று சித்திரை வீதி முழுக்கப் பெயர். அப்படிப்பட்டவர் சாயங்காலம் ஆபீஸ் விட்டு டவுனுக்கு வந்து, ஸ்ரீரங்கம் பஸ் பிடிக்கிறதற்கு முன்னால், தெப்பக்குளம் பக்கம் ஒரு தள்ளுவண்டியில் நின்று மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எத்தனை வருஷமாகவோ! காட்டிக் கொடுத்தது நீதான். வாசலில் செருப்பைக் கழற்றினவரின் தோளில் தொற்றிக்கொண்டு, "அம்மா, அப்பா மேல கடலைமாவு வாசனை வரது" என்று கத்தினாய். "அது ஆபீஸ் ஃபைல் வாசனைடா" என்றார் அவர். ஃபைலைப் பெருங்காயம் போட்டுப் பொரிப்பார்களா என்று நான் கேட்டேன். மனுஷர் நேரே கிணற்றடிக்குப் போய்விட்டார்.

அதற்குப் பலன் சீக்கிரமே வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தவரை உறையூரில் ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். அவர் ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார். "குடல்ல புண்ணு சார். எண்ணெய்ல பொரிச்சது எதையும் தொடாதீங்க. காரமும் ஆகாது. மோர் சாதமா சாப்பிடுங்க, சரியாயிடும்." அன்றைக்கு ஆரம்பித்தது துக்கம். ஒரு மாசம் அப்பா இலையில் மோர் சாதத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மோர் சாதமும் அவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். எனக்குப் பயம் வேறு. வாய் செத்துப்போனவர் மறுபடி அந்த வண்டிக்குப் போய் நின்றுவிட்டால்? நான் கூடப் போய்க் காவல் காக்க முடியுமா? அதனால்தான், எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றாமல் ஒரு மிளகாயை அவர் இலையில் எப்படியாவது போட்டே ஆகவேண்டும் என்று எனக்குப் பிடிவாதம் வந்தது.

முதல் தடவை பருப்பை அடைத்து அப்படியே இட்லிப் பானையில் வேகவைத்தேன். எடுத்தால் வெளுத்துப்போய், துவண்டு, உள்ளே இருந்ததெல்லாம் வெளியே. அப்பா அதை விரலால் தூக்கிப் பார்த்து, "இதென்ன, குளிச்சுட்டு வந்த மிளகாயா?" என்றார். அடுத்த தடவை வெறும் தோசைக்கல்லில் போட்டேன். வெளியே கரி, உள்ளே பச்சை. அதற்கப்புறம்தான் புத்தி வந்தது. எல்லாவற்றையும் ஒரே அடுப்பில் ஒரே நேரத்தில் வேகவைக்கப் பார்த்தால் எதுவும் வேகாது. பருப்பு தனியாக வெந்துவிட வேண்டும்; மிளகாய் தனியாக வதங்கிவிட வேண்டும்; அப்புறம் இரண்டையும் சேர்த்து, மெதுவாக, மூடி வைத்து, பழக விடவேண்டும். கல்யாணம் பண்ணிக்கொண்டால் உனக்கு இது புரியும். இப்போதைக்கு மிளகாயோடு நிறுத்திக்கொள்.

பருப்பு வெளியே கொட்டாமல் இருக்க வாழைநாரால் கட்டலாம் என்று கண்டுபிடித்தது நீ. பூ கட்ட நனைத்து வைத்திருந்த நாரை எடுத்து, நான் கேட்காமலே, ஒரு மிளகாயை இறுக்கக் கட்டி என்னிடம் நீட்டினாய். அதற்கப்புறம் நார் கிழித்துத் தருவது உன் வேலை ஆகிவிட்டது. சன்னமாகக் கிழிப்பாய், ஒன்றுகூட அறாது. இலையில் உட்கார்ந்து நார்க்கட்டைப் பிரிக்கும்போது அப்பா முகத்தைப் பார்த்திருக்கிறாயோ? தீபாவளிக்கு வேஷ்டி பிரிக்கிற மாதிரி இருக்கும்.

சரி, நார் ஆயிற்று. காரம்? அதுதான் பெரிய சங்கடம். அந்தப் பஜ்ஜி மிளகாயில் ஒன்று தித்திக்கும், பக்கத்தில் இருக்கும் ஒன்று மண்டையைப் பிளக்கும். பார்த்தால் இரண்டும் கூடப் பிறந்த மாதிரி இருக்கும். வேறு யாராயிருந்தாலும் ஒரு ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்துவிடுவார்கள். நம் அகத்தில் அது நடக்குமா? பெருமாளுக்கு அமுது செய்யப் பண்ணுவதற்கு முன்னால் உப்புக்கல்லைக்கூட நாக்கில் வைக்கமாட்டேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் தளிகை பண்ணியது எல்லாம் கையும் மூக்கும் சொன்ன கணக்கில்தான், நாக்கைக் கேட்டு அல்ல. ஒருநாள் சாத்தமுதில் உப்பே போடவில்லை. பெருமாள் ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவும் அவர் வழியிலேயே பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோனார். கடைசியில் நான் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. கோயில் மடப்பள்ளியில் மிளகாயே நுழையாது, மிளகுதான். நீ பெருமாளுக்கு மிளகாய் வைக்கிறாயே என்று என்னைக் கேட்டவர்களும் உண்டு. "நம்மாத்துப் பெருமாளுக்கு நம்மாத்து நாக்கு வந்துடுத்து" என்று உன் அப்பா பதில் சொல்லிவிடுவார். பெருமாள் எந்தக் காரத்தையும் தாங்குவார். அப்பாவின் குடல் தாங்காதே?

அதனால்தான் அந்த வழக்கம் வந்தது. பெருமாளுக்கு ஆனதும் உங்கள் இரண்டு பேருக்கும் இலை போடுவேன். தாம்பாளத்தில் மிளகாயை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் நுனியையும் கிள்ளி, அதே வரிசையில் உன் இலையின் ஓரத்தில் வைப்பேன். நீ ஒவ்வொரு நுனியாக வாயில் போட்டு, பெரிய ஜட்ஜ் மாதிரி, "இது அப்பாவுக்கு" அல்லது "இது எனக்கு" என்று தீர்ப்புச் சொல்வாய். சாதுவானது எல்லாம் அப்பா இலைக்குப் போகும். பொல்லாதது எல்லாம் உன் இலைக்கு. "காரமாடா?" என்று அப்பா கேட்பார். "காரமே இல்லப்பா" என்பாய். காது மடல் சிவந்திருக்கும். மூக்கை உறிஞ்சிக்கொள்வாய். தீர்த்தம் குடித்தால் தெரிந்துவிடுமே என்று சொம்பைப் பார்க்காமல் இருப்பாய். எனக்குத் தெரியாதா? பரிமாறிக்கொண்டு நின்றவள் நான். அப்பாவுக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் பிள்ளை தனக்காக ஒன்றைப் பொறுத்துக்கொள்கிறான் என்பதில் அந்த மனுஷருக்கு ஒரு சுகம். அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. நீ காலேஜில் படித்த வரைக்கும், சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் பிடித்துக் காவேரிப் பாலம் தாண்டி லேட்டாக வருகிற நாளிலும், நீ வந்து நுனி பார்க்காமல் அப்பா மிளகாயைத் தொட்டது கிடையாது.

நீ போன அன்று ஜங்ஷனில் நின்றோமே, ஞாபகம் இருக்கிறதா? நான் அழுது தீர்த்தேன். அப்பா, "பாஸ்போர்ட் பத்திரம்" என்றார். வண்டி நகர்ந்தது, "ஸ்வெட்டரை மேலேயே வெச்சிருக்கு" என்றார். அதுதான் அவர் உன்னிடம் சொன்ன கடைசி வார்த்தை. அதற்கப்புறம் இந்த நாலு வருஷத்தில் நீ எப்போது வருவாய் என்று அவர் ஒருநாள்கூடக் கேட்டதில்லை. நான் பேச்செடுத்தால், "அவன் சௌகரியம்" என்று பேப்பரைப் பிரித்துக்கொள்வார். எனக்கு அதில் ஆத்திரம் ஆத்திரமாக வரும். பெற்றவருக்கு ஒரு தவிப்பு வேண்டாமா? கல்லா அது? இப்படியெல்லாம் மனசுக்குள் திட்டியிருக்கிறேன். நானும் அதற்குப் பிறகு இந்த மிளகாயைச் செய்யவே இல்லை. யார் நுனி பார்ப்பது?

போன வியாழக்கிழமை காந்தி மார்க்கெட்டுக்குப் போனேன். நீ கேட்டதை எழுத வேண்டுமானால் ஒரு தடவை கையால் செய்து பார்த்துவிட்டு எழுதுவதுதான் சரி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வழக்கமாக வாங்குகிற காய்க்காரம்மா நான் மிளகாய்க் கூடைப் பக்கம் குனிந்ததுமே, "என்னங்க மாமி, இந்த மிளகாயைத் தொட்டே எத்தனையோ வருசமாச்சு. தம்பி வந்துட்டாரா?" என்றாள். "வரான்" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று கேட்காதே. "அப்படியா! இருங்க, நல்லதா பொறுக்கித் தரேன்" என்று அவளே ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்துப் போட்டாள். காரமில்லாததாகப் போடு என்றேன். "அதை மட்டும் கேக்காதீங்க மாமி. பாத்தா தெரியாதுங்க, தின்னாத்தான் தெரியும்" என்றாள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு, நீ வரப்போகிறவன் மாதிரியே நினைத்துக்கொண்டு வந்தேன். கொஞ்ச நேரம் நன்றாகத்தான் இருந்தது.

சரி, எழுதிக்கொள். கடலைப்பருப்பும் துவரம்பருப்பும் சமமாக ஊறவைத்து, உப்பும் பெருங்காயமும் சேர்த்துக் கொரகொரப்பாக அரை. மிளகாய் வற்றல் வைக்காதே. ஆவியில் வேகவைத்து உதிர்த்துக்கொள். கடுகு தாளிக்க ஒரு ஸ்பூன் எண்ணெய் போதும். தேங்காய், கெட்டிப் புளிக்கரைசல், சுண்டைக்காய் அளவு வெல்லம் சேர்த்துப் பிரட்டு. அங்கே அந்தப் பருப்பு கிடைக்காவிட்டால் கிடைக்கிற பருப்பு. தேங்காய் இல்லையென்றால் உருளைக்கிழங்கு மசித்துப் போடு. சீமைக் கிழங்கு இங்கே பெருமாளுக்கு ஆகாது, ஆனால் உன் ரூமில் இருக்கிற பெருமாள் அந்த ஊருக்குப் பழகியிருப்பார். நம் ஊர் மிளகாயைக் கீறி விதையை எடுத்துவிட்டுத் தணலில் ஒரு வாட்டு வாட்டினால் போதும். உன்னுடைய அந்தப் பெரிய மிளகாய்க்குத் தோல் தடிமன் என்கிறாயே, அதைக் கொத்சுக்குக் கத்திரிக்காய் சுடுகிற மாதிரி முழுசாக நெருப்பில் காட்டிச் சுடு. எல்லாப் பக்கமும் கறுக்கட்டும், பயப்படாதே. ஈரத்துணியால் மூடி வைத்துவிட்டு அப்புறம் உரித்தால் தோல் சட்டை மாதிரிக் கழன்று வரும். ஒரு பக்கம் மட்டும் கீறி, விதையை வழித்து எடுத்துவிட்டு, பருப்பை அடை. நிறைய அடைக்க ஆசைப்படாதே, கிழிந்துவிடும். நாருக்கு அங்கே எங்கே போவாய், வெள்ளைத் தையல் நூலால் கட்டு. எண்ணெய் தொட்டுத் துடைத்த கல்லில் வைத்து, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து, தணலைக் குறைத்து விட்டுவிடு. திருப்பிப் போடுகிறபோது இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளி. புகை வராது, உன் வீட்டுக்காரம்மாளின் திரைச்சீலைக்கு ஒன்றும் ஆகாது. அவளுக்கும் ஒன்று கொடு. நின்றுகொண்டு சாப்பிடாதே. முடிந்தால் தனியாகவும் சாப்பிடாதே.

எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதிவிட்டேன். ஒரு பாதி மனசு, ஏதாவது ஒன்றை விட்டுவிட்டு எழுது, சரியாக வராமல் போகட்டும், அவன் வரட்டும் என்றது. பிள்ளை வாய்க்குப் போகிறதில் நான் குறை வைப்பேனா? மேலும், வியாழக்கிழமை மத்தியானம் நடந்ததற்கப்புறம் எனக்கு அந்தப் பயம் போய்விட்டது. அதைச் சொல்கிறேன், கேள்.

பெருமாளுக்கு ஆயிற்று. அப்பாவுக்கு இலை போட்டேன். தாம்பாளத்தில் மிளகாயை வரிசையாக வைத்தேன். கை தன் பாட்டுக்குப் பழக்கத்தில் முதல் மிளகாயின் நுனியைக் கிள்ளிவிட்டது. கிள்ளின நுனியைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கிறேன். பக்கத்தில் உன் இலை இல்லையே. அப்பா நிமிர்ந்து பார்த்தார். "இங்கே போடு" என்றார்.

"உங்களுக்கு ஆகாதே" என்றேன்.

"போடு, பாத்துக்கலாம்."

போட்டேன். ஒவ்வொரு நுனியாக வாயில் போட்டுக்கொண்டார். கடைசி நுனியைப் போட்டுக்கொண்டவர் அப்படியே குனிந்துகொண்டார். பார்த்தால் கண்ணிலிருந்து ஜலம் தாரையாகக் கொட்டுகிறது. மேல்துண்டால் துடைக்கிறார், நிற்கவில்லை. நான் பதறிப்போனேன். "ஐயோ, என்ன பண்ணித்து? தீர்த்தம் குடியுங்கோ!"

"காரம்டீ" என்றார். "என்ன மிளகா வாங்கிண்டு வந்தே நீ? கொல்றது!"

தீர்த்தம் நீட்டினேன், வாங்கவில்லை. அந்தக் கடைசி மிளகாயைத் தாம்பாளத்திலிருந்து எடுக்கச் சொல்லி இலையின் ஓரத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டார். "இதை யாரும் தொட வேண்டாம். இது அவனோடது" என்றார். அப்புறம் மோர் சாதத்தைப் பிசைந்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "எப்போ வரானாம்?" என்று கேட்டார். நாலு வருஷத்தில் முதல் தடவை. முடிவு பண்ணவில்லையாம் என்றேன். ம் என்று சொல்லிவிட்டுக் கை அலம்பப் போய்விட்டார்.

அவர் எழுந்துபோன இலையில்தான் நான் சாப்பிட உட்கார்ந்தேன், உனக்குத் தெரியும். ஓரத்தில் அந்த மிளகாய் இருந்தது. அது உன்னுடையதாம், தொடக்கூடாதாம். நாளைக்கு ஊசிப்போகிற பண்டத்தை அமெரிக்காவுக்கா அனுப்ப முடியும்? கெட்டி மோர் ஒரு டம்ளரை எட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு, பெருமாளே என்று கண்ணை மூடிக்கொண்டு, கடித்தேன்.

துளிக்கூடக் காரமில்லை, கண்ணா. காம்பு வரைக்கும் தின்று பார்த்துவிட்டேன், சர்க்கரை மாதிரி இருந்தது. அப்பனும் பிள்ளையும் சரியான பொய்யர்கள். நான்தான் இத்தனை நாள் அந்த மனுஷரைக் கல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெரிய மிளகாயை நீ அங்கே திவ்யமாகச் செய்து சாப்பிடு. நன்றாக வந்தால் எழுது. எங்கள் இருவரின் அநேக ஆசீர்வாதம். அப்பாவிடம் நான் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை, காரமாக இருந்தது என்றே இருக்கட்டும். நீயும் கேட்காதே. வந்துவிடு.

அம்மா